ஓடாத வாகனத்துக்கும் வரியா?

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில் நிலாவெளியைக் கடந்ததும் வருவது இறக்கக்கண்டி. ஒரு புறம் கடல், மறு புறம் களப்பு, நடுவே வீதியும் பாலமும். தமிழரும் முஸ்லிம்களும் வாழும் இந்தக் கரையோரத்திலிருந்து வடக்கே கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய், தென்னைமரவாடி என்று வயல் ஊர்கள் நீள்கின்றன. கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்த வீதியால் மக்கள் எத்தனை தடவை மூட்டை முடிச்சுடன் தெற்கே வந்தார்கள், எத்தனை தடவை வடக்கே திரும்பினார்கள் என்பதை இங்குள்ள முதியவர்கள் விரல் மடித்துச் சொல்வார்கள். 1984, 85 காலப்பகுதி ஒன்று. 1990 ஆனி மாதம் இன்னொன்று. 2004 மார்கழி 26இல் கடல் வந்தது வேறொன்று.

இந்த வளவுகளில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். வேலியோரத்தில் கிடுகுக் கொட்டில். அதற்குள் ஒரு லாண்ட்மாஸ்டர், அல்லது சில்லு இறங்கிப்போன ஒரு மெசி பெர்கசன் உழவு இயந்திரம், அல்லது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். எங்கோ ஒரு வளவில் ஒஸ்டின் காரும் உண்டு. அதன் பின் ஆசனத்தில் கோழி அடைகாக்கும். வீட்டுக்காரரைக் கேட்டால், “அது ஓடி எத்தனையோ வருசம், சும்மா கிடக்குது” என்பார்.

சும்மா கிடக்கிறது என்று நாம் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைப்பதில்லை. வாகனத்தின் வருமான அனுமதிப்பத்திரத்தை, அதாவது எம்மவர் ‘ரெவினியூ லைசன்’ என்றும் ‘வரிப்பத்திரம்’ என்றும் சொல்லும் அந்தச் சிறு காகிதத்தைப் புதுப்பிக்காமல் விட்டால், வாகனம் வீதியில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலுவை ஏறிக்கொண்டே போகிறது. வாகனத்தைத் திருத்தி ஓட்ட எண்ணும் அன்றோ, விற்க எண்ணும் அன்றோ, பிள்ளையின் பெயருக்கு மாற்ற எண்ணும் அன்றோதான் இந்தக் கணக்கு எமக்கு முன்னால் வந்து நிற்கிறது. மாரி மழை விழுந்து பெரும்போகத்துக்கு உழ வேண்டிய வேளையில் பொலிசார் உழவு இயந்திரத்தை மறித்து நிறுத்தினால் அந்த ஒரு கிழமை தாமதம் ஒரு போகத்தையே கெடுத்துவிடும். ஆகவே இதனைச் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் வாகனங்களை ஆளும் அடிப்படைச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமாகும். அது பல தடவை திருத்தப்பட்டிருந்தாலும் இன்றும் அதுவே அடித்தளம். அனுமதிப்பத்திரம் இன்றி ஒரு வாகனத்தைப் ‘பாவிப்பது’ பற்றி மட்டும் அது பேசவில்லை. ‘வைத்திருப்பது’ பற்றியும் பேசுகிறது. இந்த ஒரு சொல்லில்தான் எமது மக்களின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. “நான் ஓட்டவில்லையே, பிறகு ஏன் வரி?” என்று கேட்பவருக்குக் கந்தோரில் கிடைக்கும் பதில், “ஓட்டவில்லை என்று நீங்கள் எங்களுக்கு அறிவித்தீர்களா?” என்பதுதான்.

அறிவிப்பதற்கு வழி உண்டு. வாகனத்தைப் பாவிக்கப் போவதில்லை என்றால், நடப்பு அனுமதிப்பத்திரம் காலாவதியாக முன்னரே, பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் எழுத்து மூலம் அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரிக்கு அறிவிக்கலாம். இதனைப் ‘பாவனையின்மை அறிவித்தல்’ எனலாம். கந்தோர்களில் ‘நொன் யூசர்’ என்றே பெரும்பாலும் சொல்வார்கள். இந்த அறிவித்தலைக் கொடுத்தவருக்கு அந்தக் காலத்துக்கான கட்டணம் நிலுவையாக ஏறாது. கொடாதவருக்கு ஏறும். நிலுவைக்கு மேல் தண்டப்பணமும் சேரும்.

முன்னாளில் இவ்வேலைகள் கச்சேரியில் நடந்தன. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் மோட்டார் வாகன அனுமதிக் கட்டணம் மாகாண சபைகளின் வருமானமாயிற்று. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தினால் அரசாங்க அதிபரின் பல அதிகாரங்கள் பிரதேச செயலாளர்களுக்குச் சென்றன. எனவே இன்று நாம் போக வேண்டிய இடம் பிரதேச செயலகம். அதற்கு மேலே மாகாண மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் உண்டு. வாகனத்தின் பதிவு, உரிமை மாற்றம், பதிவை இரத்துச் செய்தல் ஆகியன மட்டும் கொழும்பு நாரஹேன்பிட்டியைத் தலைமையகமாகக் கொண்ட மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தைச் சார்ந்தவை. இந்த இரண்டு திணைக்களங்களையும் குழப்பிக்கொண்டு அலைந்தவர்கள் பலர். வருடாந்தக் கட்டணம் மாகாணத்துக்கு, பதிவுப் புத்தகம் கொழும்புக்கு என்று நினைவில் வைத்தால் பஸ் காசு மிச்சம்.

இப்படியொரு ஏற்பாடு எமது நாட்டில் மட்டும் உள்ளதல்ல. கேரளத்தில் வாகனத்தை ஓட்டாமல் நிறுத்துபவர் ‘ஜி படிவம்’ நிரப்பிக் கொடுக்க வேண்டும். பிரித்தானியாவில் 1998ஆம் ஆண்டு முதல், வீதிக்கு எடுக்காத வாகனத்துக்கு ‘சோர்ன்’ எனப்படும் அறிவித்தலைக் கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. முன்னர் அதனை ஆண்டுதோறும் கொடுக்க வேண்டியிருந்தது, 2013இன் இறுதியிலிருந்து ஒரு தடவை கொடுத்தால் வாகனத்தை விற்கும் வரை அல்லது மறுபடி வரி கட்டும் வரை அது செல்லும். இலண்டனில் உள்ள உறவினர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், கொடாமல் விட்டு 80 பவுண் தண்டம் கட்டியவர் யாராவது ஒருவர் இருப்பார். ஆக, ஓடாத வாகனத்தைப் பற்றி அரசுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது பல நாடுகளிலும் உள்ள நியதியே. எங்கள் மக்களின் வேறுபாடு எதில் உள்ளது என்றால், சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்வதற்கு ஒரு கந்தோரும் இருக்கவில்லை, போவதற்கு ஒரு வீதியும் இருக்கவில்லை என்பதில்தான்.

யாரிடம் போய் அறிவித்திருப்பார்கள்?

1990 ஆனியில் சண்டை மீண்டும் தொடங்கியபோது திருகோணமலை மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து காடு வழியாகவும் கடல் வழியாகவும் மக்கள் ஓடினார்கள். சிலர் அலஸ்தோட்டம் முகாமுக்கு வந்தார்கள், சிலர் முல்லைத்தீவுப் பக்கம் போனார்கள், சிலர் வள்ளம் ஏறி மண்டபம் முகாமில் இறங்கினார்கள். உழவு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு போகக் கூடியவர்கள் கொஞ்ச தூரம் ஓட்டினார்கள். டீசல் முடிந்த இடத்தில் விட்டுவிட்டு நடந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர, சில நாள் அவகாசத்தில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்து சேர்ந்தபோது அவர்களது லொறிகளும் உழவு இயந்திரங்களும் ஊரிலேயே நின்றுவிட்டன. 2006இல் மூதூர் கிழக்கிலும் சம்பூரிலும் இருந்து போனவர்கள் கிளிவெட்டி முதலான முகாம்களில் ஆண்டுக் கணக்கில் இருந்தார்கள். சம்பூர்க் காணிகளுக்கு அவர்கள் திரும்பியது 2015இலும் 2016இலுமே. இந்த இடைக் காலத்தில் ஒருவர் தமது லாண்ட்மாஸ்டருக்குப் பாவனையின்மை அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

பொருளாதாரத் தடை இருந்த பகுதிகளிலோ இன்னொரு விதமான நிலை. அங்கே வாகனங்கள் ஓடின. பெற்றோல் துளித் துளியாக விட்டு எஞ்சினைத் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய ஒஸ்டின்களும் மொரிஸ்களும் கரும்புகை கக்கிக்கொண்டு ஓடிய காலம் அது. ஓடின, ஆனால் அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரம் அவற்றுக்கு இல்லை. பின்னர் கட்டுப்பாடு மாறியபோது, அந்த ஆண்டுகள் எல்லாம் பத்திரத்தில் வெறும் வெற்றிடம்.

2009 வைகாசியில் போர் முடிந்தபோது முல்லைத்தீவுக் கரையோரத்தில் மக்கள் கைவிட்ட வாகனங்கள் மலையாகக் கிடந்தன. பின்னர் ஓரிடத்தில் குவிக்கப்பட்ட அவற்றில் தமது வாகனத்தை அடையாளம் கண்டு, ஆவணம் காட்டியவர்கள் சிலர் மீட்டுக்கொண்டார்கள். மிகுதியானவை துருப்பிடித்து இரும்பு விலைக்குப் போயின. அந்த நேரத்தில் ஒரு குடும்பத்துக்குக் கைகொடுத்தது எது என்றால், ஓடும் வழியெல்லாம் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த பதிவுப் புத்தகம். நகையை விட்டாலும் அதை விடவில்லை என்று சொல்லும் தாய்மாரை நாம் சந்தித்திருக்கிறோம்.

முதலில் எதைத் தீர்மானிக்க வேண்டும்?

வாகனம் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்பதை முதலில் நீங்களே ஒரு முடிவுக்குக் கொண்டு வாருங்கள். இது மனதுக்குக் கடினமான காரியம். அப்பா வயலில் உழைத்து வாங்கிய இயந்திரத்தை இரும்பு என்று ஒப்புக்கொள்ள எவருக்கும் விருப்பம் வராது. ஆனால் தீர்மானம் எடுக்காமல் விடும் ஒவ்வொரு ஆண்டும் கடன் கூடுகிறது. ஒரு பேச்சுக்கு வருடக் கட்டணம் 1,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுக்கு 10,000. அதன் மேல் தண்டப்பணம். அதன் மேல் இயந்திரத்தைத் திருத்தும் செலவு. இந்த மூன்றையும் கூட்டி, அந்த இயந்திரத்தின் இன்றைய விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்டிய பின்பே இந்தக் கணக்கைச் செய்ய வேண்டும். விற்பனைத் தரகரைக் கூட்டி வந்தல்ல.

இனி அது ஓடாது என்று முடிவானால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதன் பதிவை இரத்துச் செய்து கொள்ள வேண்டும். வாகனம் அழிந்தால் அல்லது கழற்றி விற்கப்பட்டால் அதனை அறிவிப்பது பதிவு உரிமையாளரின் கடமை. பலர் இரும்புக் கடைக்கு எடை போட்டு விற்றுவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள். இலக்கத் தகடும் அடிச்சட்டமும் யார் கைக்குப் போயின என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த இலக்கத்தோடு வேறொரு வாகனம் வீதியில் ஓடி ஒரு விபத்தோ குற்றமோ நடந்தால், பொலிசார் தேடி வருவது பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவரைத்தான். சுனாமியில் கடலோடு போன மோட்டார் சைக்கிள்களுக்கும் இதுவே பொருந்தும்.

ஓடக் கூடியது, ஆனால் இப்போது ஓட்ட வசதியில்லை என்றால் பாவனையின்மை அறிவித்தல். உடனே ஓட்டப் போகிறோம் என்றால் நிலுவை தீர்த்துப் புதுப்பித்தல். இந்த மூன்று பாதைகளில் எது என்று தெரியாமல் கந்தோருக்குப் போனால், நாலு மேசைக்கு அலைவதுதான் மிச்சம்.

இங்கே ஒரு விடயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உழவு இயந்திரம் வேறு, அதன் பெட்டி வேறு. பெட்டிக்குத் தனி இலக்கம், தனிப் பதிவு, தனி அனுமதிப்பத்திரம். இயந்திரத்துக்கு மட்டும் அறிவித்தல் கொடுத்துவிட்டுப் பெட்டியை விட்டால் பெட்டியின் நிலுவை ஏறிக்கொண்டிருக்கும்.

இதற்கு உதாரணமாக நாம் அறிந்த ஒரு குடும்பத்தைச் சொல்லலாம். வயல் ஊரொன்றிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்து, பின்னர் இறக்கக்கண்டிப் பக்கம் குடியேறியவர்கள். தகப்பனார் காலமாகிவிட்டார். நான்கு சில்லு உழவு இயந்திரமும் பெட்டியும் அவர் பெயரிலேயே இருந்தன. மகன் வாகனத்தைத் திருத்தலாம் என்று கந்தோருக்குப் போனபோது, ஊரை விட்டு ஓடிய ஆண்டிலிருந்து அன்று வரையுள்ள எல்லா ஆண்டுகளுக்கும் நிலுவை சொன்னார்கள். அவர் வெறுங்கையோடு திரும்பி வந்து மூன்று ஆண்டு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பின்னர் தாயார்தான், “இரும்பைப் பார்க்காதே, பெட்டியைப் பார்” என்றாராம். இயந்திரத்தின் எஞ்சின் பாறி வெடித்திருந்தது. பெட்டியோ நல்ல உறுதியான பெட்டி, புதிதாக வாங்குவதென்றால் கைக்கு எட்டாத விலை. இயந்திரத்தின் பதிவை இரத்துச் செய்வது, பெட்டியை மட்டும் மீட்பது என்று தீர்மானித்தார்கள். முகாமில் வாங்கிய நிவாரண அட்டை, கிராம உத்தியோகத்தரின் கடிதம், மீள்குடியேறிய திகதிக்கான அத்தாட்சி ஆகியவற்றை இணைத்து, தண்டப்பணத்தை நீக்கித் தருமாறு மேன்முறையீடு எழுதினார்கள். பதில் வர மாதக் கணக்காயிற்று. தண்டப்பணம் விடப்பட்டது, மூலக் கட்டணத்தைக் கட்ட வேண்டியிருந்தது. எல்லோருக்கும் இப்படியே முடியும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எழுதிக் கேட்காதவருக்கு அதுவும் கிடைத்திராது.

அறிவித்தல் கொடுக்கும் முறை

வாகனம் நிற்கும் இடத்துக்குரிய பிரதேச செயலகத்துக்குப் போங்கள். பதிவுப் புத்தகம் அல்லது பதிவுச் சான்றிதழ், கடைசியாகப் பெற்ற வருமான அனுமதிப்பத்திரம், உங்கள் அடையாள அட்டை, இவற்றின் பிரதிகளும் மூலங்களும் கையில் இருக்கட்டும். வாகனம் உண்மையாகவே ஓடாமல் நிற்கிறது என்பதற்கு உங்கள் பகுதிக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் வேண்டும். அவர் வந்து பார்க்கும்போது வாகனத்தின் இலக்கம், அடிச்சட்ட இலக்கம், எஞ்சின் இலக்கம் மூன்றையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்களும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடிச்சட்ட இலக்கம் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கரையோரத்து உப்புக் காற்றில் முதலில் துருவேறுவது அந்த இடம்தான். மெல்லத் துடைத்து, எண்ணெய் பூசி, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து வையுங்கள். உளியால் சுரண்டவோ, மங்கியிருக்கிறது என்று மேலே வெட்டித் தெளிவாக்கவோ வேண்டாம். இலக்கத்தை மாற்றிய வாகனம் என்ற சந்தேகம் வந்துவிட்டால் அதிலிருந்து மீள்வது வரி நிலுவையிலிருந்து மீள்வதை விடப் பன்மடங்கு கடினம். எஞ்சினை மாற்றியிருந்தால் அந்த மாற்றமும் பதிவில் ஏற வேண்டும்.

அறிவித்தலின் ஒரு பிரதியில் திகதியோடு கந்தோர் முத்திரையும் கையொப்பமும் வாங்காமல் திரும்பி வராதீர்கள். வாய்ச்சொல்லாக “சரி, நாங்கள் பதிந்துகொள்கிறோம்” என்பது பத்து ஆண்டுக்குப் பின் எவருக்கும் நினைவிருக்காது, உத்தியோகத்தர்களும் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார்கள். ஆண்டு முடியும்போது நிலைமை மாறவில்லை என்றால் மறுபடி போய் அறிவிப்பதே பாதுகாப்பு. பதிவுத் தபாலில் அனுப்பினால் அந்தச் சிட்டையை அறிவித்தலின் பிரதியோடு குத்தி வையுங்கள்.

அறிவித்துவிட்டு இடையில் ஒரு நாள் வாகனத்தை வீதியில் இறக்கினால் அந்த அறிவித்தல் பொய்யாகிவிடும். “வயலுக்குள் மட்டும்தான் உழுதேன்” என்பார்கள் சிலர். வளவிலிருந்து வயலுக்குப் போக வீதியைக் கடக்கத்தானே வேண்டும்? அதோடு, அந்த வேளையில் காப்புறுதியும் இருக்காது. ஒரு பிள்ளை அடிபட்டுவிட்டால் நட்ட ஈடு முழுவதும் உங்கள் தலையில்.

நிலுவை தீர்த்துப் புதுப்பிப்பவர்கள் மூன்றாம் தரப்புக் காப்புறுதியை முதலில் எடுக்க வேண்டும். மோட்டார் சைக்கிள், கார், வான் போன்றவற்றுக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். நெடுங்காலம் நின்ற எஞ்சினைப் பழைய எண்ணெயோடு அப்படியே புகைப் பரிசோதனைக்குக் கொண்டு போனால் தோல்விதான். எண்ணெய் மாற்றி, வடியைத் துப்புரவு செய்து, சில நாட்கள் வளவுக்குள்ளேயே ஓட விட்டுக் கொண்டு செல்லுங்கள். 2023 ஒக்டோபரிலிருந்து நாடு முழுவதற்குமான புதிய இணைய முறை நடைமுறைக்கு வந்து, எந்த மாகாணத்து வாகனத்துக்கும் வேறு மாகாணத்திலிருந்து பத்திரம் பெறக்கூடிய வசதி ஏற்பட்டுள்ளது. புத்தளத்திலோ வவுனியாவிலோ இருந்துகொண்டு திருகோணமலை வாகனத்துக்குக் கட்ட நினைப்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் பல ஆண்டு தவறிய வாகனம் என்றால், முதல் தடவை நேரில் போய் நிலுவைக் கணக்கைத் தாளில் எழுதி வாங்குவதே நல்லது என்பது எமது எண்ணம். இயந்திரத் திரையில் தோன்றும் தொகையோடு வாதாட முடியாது, உத்தியோகத்தரோடு பேசலாம்.

மேன்முறையீட்டில் எழுத வேண்டியவை

தண்டப்பணத்தையோ நிலுவையின் ஒரு பகுதியையோ விடச் சொல்லிக் கேட்பவர்கள் பிரதேச செயலாளர் ஊடாக மாகாண மோட்டார் போக்குவரத்து ஆணையாளருக்கு எழுத வேண்டும். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்ததன் பின்னர் மாகாண நிருவாகம் ஆளுநரின் கீழ் நடந்து வந்திருக்கிறது, ஆகவே ஒரு பிரதியை ஆளுநர் செயலகத்துக்கும் அனுப்பலாம்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. அழுது எழுதவும் தேவையில்லை. எந்தத் திகதியில் இடம்பெயர்ந்தீர்கள், எந்தெந்த முகாமில் இருந்தீர்கள், எந்தத் திகதியில் திரும்பினீர்கள், அந்தக் காலத்தில் வாகனம் எங்கே இருந்தது, இப்போது எந்த நிலையில் உள்ளது, இவ்வளவும் வரிசையாக வந்தால் போதும். ஒவ்வொரு திகதிக்கும் ஒரு சான்று இணைக்கப் பாருங்கள். நிவாரண அட்டை, முகாம் பதிவு, தமிழ்நாட்டிலிருந்து திரும்பியவர்களின் பயணப் பத்திரம், பிள்ளைகள் முகாமுக்கு அண்மையிலுள்ள பாடசாலையில் படித்ததற்கான விடுகைப் பத்திரம், எதுவும் உதவும். பாடசாலை விடுகைப் பத்திரம் சிறந்த சான்று என்பதை எமது மக்கள் உணர்வதில்லை. அதில் சேர்ந்த திகதியும் விலகிய திகதியும் ஓர் அதிபரின் கையொப்பத்தோடு இருக்கிறது.

கொரோனா முடக்கத்தின் போது, 2020இலும் 2021இலும், காலாவதியான வருமான அனுமதிப்பத்திரங்களைத் தண்டப்பணம் இன்றிப் புதுப்பிப்பதற்கு நாட்டில் கால நீடிப்பு வழங்கப்பட்டது. மக்கள் வீட்டை விட்டு வெளியேற முடியாதபடியால் அச்சலுகை. வீட்டுக்குள் போக முடியாதவர்களாக ஆண்டுக் கணக்கில் இருந்தவர்களும் அதே நியாயத்தைக் கேட்கலாம். இதை உங்கள் கடிதத்தில் எழுதுங்கள்.

நிலுவை எப்படிக் கணக்கிடப்பட்டது என்று விளங்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கந்தோரின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள், கொடுக்க முடியுமா முடியாதா என்ற பதிலாவது வர வேண்டும். படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. 1919 என்ற இலக்கத்தில் அரசாங்கத் தகவல் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்துத் தமிழிலேயே விபரம் கேட்கவும் முடியும்.

பெயர் யாருடையது?

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் ‘பதிவு உரிமையாளர்’ கையொப்பமிட வேண்டும். எமது குடும்பங்களில் பாதிச் சிக்கல் இங்கேதான். பழைய பதிவுப் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். 1957 தை முதல் வாகன இலக்கங்களில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்து, அதற்கு எதிராகத் தார் பூசும் போராட்டம் நடந்த காலத்து இலக்கங்களோடு கூட இன்னும் சில புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள பெயர் தகப்பனுடையதாக, பாட்டனுடையதாக, எப்போதோ கைமாறிய யாரோ ஒருவருடையதாக இருக்கும்.

உரிமையாளர் காலமாகியிருந்தால் மரணச் சான்றிதழும், உரித்தாளிகள் யார் என்பதற்கான அத்தாட்சியும், மற்ற உரித்தாளிகளின் எழுத்து மூலச் சம்மதமும் கொண்டு பெயர் மாற்றத்தைத் தொடங்க வேண்டும். சகோதரர்கள் வெளிநாட்டில் சிதறியிருந்தால், அவர்கள் ஊருக்கு வரும் காலத்திலேயே கையொப்பங்களை வாங்கிவிடுவது நல்லது. காணி உறுதியில் காட்டும் அக்கறையை வாகனத்தில் யாரும் காட்டுவதில்லை.

உரிமையாளர் காணாமற்போனவராயின் விடயம் வேறு. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் அத்தகையோருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. கணவன் எங்கோ இருக்கிறார் என்று நம்பும் மனைவி, ஓர் உழவு இயந்திரத்துக்காக அவர் இறந்துவிட்டார் என்று எப்படிக் கையொப்பம் வைப்பாள்? 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், மரணத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெற இடமளித்தது. அதனைக் கொண்டு குடும்பம் சொத்து விடயங்களைக் கவனிக்க முடியும். அதையும் ஏற்கமாட்டோம் என்று வீதியில் நிற்கும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களது முடிவில் தலையிட எமக்கு உரிமை இல்லை. எனினும், மரணச் சான்றிதழ் ஒன்றே வழி என்று யாராவது மேசைக்குப் பின்னால் இருந்து சொன்னால், அது சரியல்ல என்பதைத் தெரிந்து வைத்திருங்கள்.

பதிவுப் புத்தகம் தொலைந்துவிட்டால், முதலில் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியோடு மறு பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கடனிலோ லீசிங்கிலோ வாங்கிய வாகனமாயின் அந்த நிறுவனத்தின் பெயர் இன்னமும் முழு உரித்தாளராகப் பதிவில் நிற்கும். கடன் எப்போதோ தீர்ந்திருந்தாலும் அவர்களிடமிருந்து விடுவிப்புக் கடிதம் இன்றி எதுவும் நகராது.

‘ஓப்பன் பேப்பர்’ விற்பனை பற்றியும் சொல்லியாக வேண்டும். இடம்பெயரும் அவசரத்தில் வந்த விலைக்கு உழவு இயந்திரத்தைக் கொடுத்து, வாங்குபவரின் பெயர் எழுதாத மாற்றப் படிவத்தில் கையொப்பம் வைத்துக் கொடுத்தவர்கள் அநேகர். வாங்கியவர் தமது பெயருக்கு மாற்றவில்லை என்றால், இன்றும் பதிவு உரிமையாளர் நீங்கள்தான். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, வாகன இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் கொண்டு கியூஆர் அட்டை கொடுக்கப்பட்டபோது இது பலருக்கு வெளிச்சமாயிற்று. தமது பெயரில் இல்லாத வாகனத்தை வைத்திருந்தவர்கள் டீசல் வரிசையில் நின்று தடுமாறினார்கள். அப்படி விற்றவர்கள் இப்போதாவது விற்ற திகதி, வாங்கியவர் பெயர், விலாசம் ஆகியவற்றை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதி வையுங்கள்.

வாங்குபவர்களும் கவனிக்க. மலிவாகக் கிடைக்கிறது என்று நெடுநாள் நின்ற லாண்ட்மாஸ்டரை வாங்குமுன், கடைசியாகப் பெற்ற வருமான அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அது எந்த ஆண்டுக்குரியது என்று பார்த்து, பிரதேச செயலகத்தில் நிலுவையை விசாரித்து, அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள். பத்திரத்தைக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

பெரும்போக உழவுக்கு முன் புரட்டாதி மாதத்திலேயே இந்த வேலைகளைத் தொடங்கினால் நல்லது. மழை விழுந்த பின் மெக்கானிக்கும் கிடைக்கமாட்டார், கிராம உத்தியோகத்தரும் வெள்ள நிவாரணத்தில் நிற்பார்.